பெட்டிச் சாவியும் பேரேடும் ஒரே கையில்: பர்மா ஜெனரல்கள், உளவுத்துறை, நம் ஊர்க் கணக்கு

கானாடுகாத்தான் பேரன் (இழையைத் தொடங்கியவர்)
சனி, காலை 7.40

வீட்டில் ஓடு மாற்றும் வேலை நடக்கிறது. இரண்டாங்கட்டு அறையில் இருந்த பழைய பெட்டகத்தை நாலு பேர் சேர்ந்து நகர்த்தியபோது பின்னாலிருந்து துணி சுற்றிய ஒரு கட்டு விழுந்தது. பிரித்தால் ரங்கூன் கடைப் பேரேடு. எங்கள் ஐயா கையெழுத்து. சோபகிருது வருஷம் பங்குனி முதல் வாரத்தோடு வரவு செலவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுபது எண்பது தாள் வெறுமனே கிடக்கிறது. நடுவில் பர்மிய எழுத்தில் முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு.

பங்குனி முதல் வாரம் என்றால் 1964 மார்ச் 19-ஐ ஒட்டி. ரங்கூனில் கடைகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கிய நாள் அது. பாட்டையா காலத்தில் எங்களுடையது வட்டிக்கடை. யுத்தமும் 1948 நிலச் சட்டமும் முடித்துவைத்த பிறகு ஐயா அதை ஜவுளிக்கடையாக மாற்றி நடத்தினார். சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட கதை ஒரே வரிதான்: "நே வின் எல்லாத்தையும் புடுங்கிட்டான்."

இப்போது உட்கார்ந்து படிக்கும்போது ஒரே ஆள் பிடுங்கிய கதையாக இது தெரியவில்லை. 1962 மார்ச் 2-ல் ஆட்சியைப் பிடித்தது ராணுவத் தளபதி நே வின் தலைமையில் 17 அதிகாரிகள் கொண்ட புரட்சிக் கவுன்சில். அதற்குள்ளேயே இரண்டு கட்சி. நே வின்னுக்கு அடுத்த இடத்தில் இருந்த பிரிகேடியர் ஆங் ஜீ, தனியார் வியாபாரத்தை ஒரேயடியாக நெரிக்கக் கூடாது என்ற பக்கம். பிரிகேடியர் டின் பே, எல்லாம் அரசுக்கே என்ற பக்கம். 1963 பிப்ரவரியில் ஆங் ஜீ வெளியேற்றப்பட்டார். அதே மாதம் 23-ஆம் தேதி வங்கிகள் எல்லாம் அரசுடைமை. அடுத்த வருஷம் கடைகள். ஆங் ஜீ நின்றிருந்தால் ஐயா கடை தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அறைக்குள் யார் யாரைத் தள்ளினார் என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. முடிவு மட்டும் கடைவாசலில் வந்து நின்றது. அதைத்தான் சொல்கிறேன்.

நம் ஆட்கள் கடை நடத்திய முறையை யோசித்துப் பார்க்கிறேன். கடையை நடத்துகிற மேலாளிடம் பெட்டிச் சாவி. பேரேடு எழுதுவது அவருக்கு அடுத்த நிலையில் இருக்கிற அடுத்தாள். மூன்று வருஷம் முடிந்தால் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, காட்ட வேண்டும். சாவியும் பேரேடும் ஒரே கையில் தங்கவிட மாட்டார்கள். சர்வாதிகார ஆட்சியில் துப்பாக்கி ராணுவத்திடம், கோப்பு உளவுத்துறையிடம், முத்திரை அரசியல்வாதியிடம். இந்த மூவரும் ஒருவரையொருவர் விழுங்கப் பார்ப்பது ஏன்? கடைசியில் யார் ஜெயிக்கிறார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தேவகோட்டை டீச்சர்
சனி, காலை 9.15

நல்ல இழை. ஆனால் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நமக்கு நாமே அழுதுகொள்கிற பேச்சாகப் போய்விடும்.

முதலாவது: பர்மியர்களுக்கு நம் மேல் இருந்த கோபத்தை ராணுவம் உண்டாக்கவில்லை. 1930-ல் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார் வசம் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போகவே 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆனது. நிலம் வேண்டும் என்று நம்மவர்கள் கடன் கொடுக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது? 1948-ல் நில அரசுடைமைச் சட்டம் கொண்டுவந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் ஊ நூவின் அரசு. நே வின் அப்போது ஆட்சியிலேயே இல்லை.

இரண்டாவது: ராணுவம் தானாகக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடவில்லை. 1958-ல் ஆளுங்கட்சியே இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவு மற்றதை எப்படி ஒழிப்பது என்று நின்றபோது, ஊ நூ தானே போய் நே வின்னிடம் 'இடைக்கால அரசு' என்று நாட்டை ஒப்படைத்தார். 1960-ல் நே வின் தேர்தல் நடத்தித் திருப்பியும் கொடுத்தார். ஊ நூ பெரிய வெற்றி பெற்றார். ஆனால் தாங்களே நாட்டை நடத்த முடியும் என்று அந்த 18 மாதத்தில் அதிகாரிகளுக்குத் தெரிந்துபோயிற்று. 1962-ல் மறுபடி வந்தபோது யாரும் கூப்பிடவில்லை. முதல் குடியரசுத் தலைவராக இருந்த சாவ் ஷ்வே தைக்கின் மகனை அன்றிரவே சுட்டார்கள், அவர் 17 வயதுப் பையன். தந்தை அந்த நவம்பரில் சிறையிலேயே இறந்தார்.

அரசியல்வாதிகள் தங்கள் பங்காளிச் சண்டைக்கு ராணுவத்தைத் துணைக்குக் கூப்பிடுகிற இடத்திலிருந்துதான் இது தொடங்குகிறது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

புதுவயல் மாணவன்
சனி, காலை 10.02

ஒரு சந்தேகம். உளவுத்துறையும் ராணுவத்துக்குள்தானே இருக்கிறது? ஒரே சீருடை, ஒரே சம்பளம். அப்புறம் அவர்களுக்குள் என்ன சண்டை?

கோட்டையூர் பருப்புக்காரர்
சனி, மதியம் 1.30

தம்பி, அந்தச் சண்டையை நான் கிட்ட இருந்து பார்த்தவன். 30 வருஷமாக பர்மா உளுந்து, துவரை வியாபாரம்.

90-களின் கடைசியில் முதல்முறை யாங்கூன் (பழைய ரங்கூன்தான்) போனேன். எங்கள் தரகர் ஒரு டீக்கடையில்தான் பேசுவார். மூட்டை விலையைச் சத்தமாகச் சொல்வார். அரசாங்க விஷயம் வந்தால் வாயே திறக்க மாட்டார். ராணுவ அதிகாரி என்றால் இரண்டு விரலால் தோளைத் தொடுவார். உளவுக்காரர் என்றால் காது மடலைத் தொடுவார். லைசென்ஸ் எப்போது வரும் என்று கேட்டால், தோளைத் தொட்டுவிட்டு அப்புறம் காதைத் தொடுவார். "அவர் சரின்னுட்டார், இவர் சரிங்கணும்" என்று அர்த்தம். எனக்கு அது பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு மாநிலத்தில் படைத்தளபதி இருப்பார். ஆயிரக்கணக்கான சிப்பாய் அவர் சொல் கேட்கும். அதே ஊரில் ஒரு உளவுப் பிரிவு இருக்கும், பத்து இருபது பேர். அவர்கள் அந்தத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. நேரே ரங்கூனுக்கு எழுதுவார்கள். அந்தத் தளபதியைப் பற்றியே எழுதுவார்கள். அவர் மச்சான் எந்த மரக்கடையில் பங்கு வைத்திருக்கிறார், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார் என்பது வரை. காட்டில் குண்டுக்கு நடுவில் படுத்துக் கிடந்து பதவிக்கு வந்தவருக்கு, மேசையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதுகிறவன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருக்கும்? மேலே இருக்கிறவருக்கோ அந்த ஆத்திரம்தான் காவல். இரண்டும் சேராத வரைக்கும் அவருக்குத் தூக்கம் வரும்.

இதில் உளவுத்துறை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1983 இருக்கிறது. உளவுத் தலைவர் பிரிகேடியர் டின் ஊ. (1976-ல் இளம் அதிகாரிகள் சதி செய்தது தெரிந்தும் சொல்லவில்லை என்று சிறைக்குப் போன தலைமைத் தளபதி டின் ஊ வேறு. பின்னால் ஆங் சான் சூ கீ கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.) உளவு டின் ஊவின் கை ஓங்கி ஓங்கி, நே வின்னுக்கு அடுத்து இவர்தான் என்று எல்லாரும் பேசுகிற நிலைக்கு வந்தது. மே மாதம் நே வின் அவரைத் தூக்கினார். அவருடைய ஆள் என்று உள்துறை மந்திரி போ நீயும் போனார். அந்த ஆளைத் தூக்கியதோடு நிற்கவில்லை. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள், அவர் வைத்த வேவுக்காரர்கள் என்று அந்தத் துறையையே பெருக்கித் தள்ளினார்கள்.

ஐந்தே மாதம். அக்டோபர் 9-ஆம் தேதி வட கொரிய ஆட்கள் ரங்கூனுக்குள் வந்து தியாகிகள் நினைவிடத்தின் கூரையில் குண்டு வைத்தார்கள். தென் கொரிய அதிபர் சுன் டூ ஹ்வானுக்கு வைத்த குண்டு. அவர் வந்து சேரத் தாமதமானதால் தப்பினார். மந்திரிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். பாதுகாக்க வேண்டியவர்களைத் தலைவரே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், வெளியாள் உள்ளே வருவது யார் கண்ணில் படும்?

அந்த வெறுமையை நிரப்பக் கொண்டுவந்த ஆள்தான் கின் நியூண்ட். அவர் கதை இன்னும் பெரிது. அந்தி சாய்ந்ததும் எழுதுகிறேன், கடையில் லாரி வந்து நிற்கிறது.

சுபேதார் (ஓய்வு), சிவகங்கைச் சீமை
சனி, மாலை 4.20

28 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

கானாடுகாத்தான் தம்பி சொன்ன சாவி, பேரேடு கணக்கு எங்களிடமும் உண்டு. எங்கள் யூனிட்டில் துப்பாக்கி இருக்கிற அறைக்குக் கோத் என்று பெயர். தோட்டா வேறு இடத்தில், மேகசினில். கோத் சாவி ஒருவரிடம், மேகசின் சாவி இன்னொருவரிடம். எடுத்தாலும் வைத்தாலும் ரெஜிஸ்டரில் கையெழுத்து. இரவு 2 மணிக்கு ஒரு துப்பாக்கி குறைகிறது என்றால் ஒரு பட்டாலியனே தூங்காது. நம்பிக்கை இல்லாமல் வைத்த ஏற்பாடு இல்லை. நம்பிக்கை கெடாமல் இருக்க வைத்தது.

நாட்டு அளவிலும் இப்படித்தான் செய்தார்கள். மூன்று படைக்கும் மேலே ஒரே கமாண்டர்-இன்-சீஃப் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. சுதந்திரத்தோடு அது போயிற்று. 1955-ல் அந்தப் பட்டப் பெயரையே எடுத்துவிட்டு, படைக்கு ஒரு ஸ்டாஃப் தலைவர் என்று ஆக்கினார்கள். டெல்லியில் கமாண்டர்-இன்-சீஃப் குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகையில் பிரதமர் நேரு குடியேறினார். எல்லைப் பாதுகாப்புப் படையை 1965-ல் உள்துறைக்குக் கீழே உண்டாக்கினார்கள். வெளிநாட்டு உளவுக்கு 1968-ல் தனி அமைப்பு. அதிகாரம் பல கையில். இங்கேயும் போட்டி உண்டு, பொறாமை உண்டு. ஆனால் எவரும் இன்னொருவரை இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிப் போவதில்லை.

பக்கத்து நாடு பாகிஸ்தானைப் பாருங்கள். பூட்டோ தேர்தலில் ஜெயித்தவர். ராணுவத்தின் மேல் பயம். அதற்கு எதிராகத் தனக்கென்று ஒரு கூட்டாட்சிப் பாதுகாப்புப் படை வைத்துக்கொண்டார். 1976-ல் மூத்த ஜெனரல்கள் பலரைத் தாண்டி, இவர் அடக்கமானவர் என்று ஜெனரல் ஜியாவை ராணுவத் தலைமைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே ஜியா ஆட்சியைப் பிடித்தார். பூட்டோ மேல் கொலை வழக்கு. அதில் அப்ரூவராக மாறி அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது யார்? அவர் உண்டாக்கிய அதே பாதுகாப்புப் படையின் தலைவர் மசூத் மஹ்மூத். 1979 ஏப்ரல் 4-ல் தூக்கு. நான் அந்தச் செய்தியை முகாமில் ரேடியோவில் கேட்டேன். எங்கள் மெஸ்ஸில் அன்று யாரும் பேசவில்லை. எதிரி நாட்டுப் பிரதமர்தான். இருந்தாலும் ஒரு ராணுவம் தன் பிரதமரைத் தூக்கில் போட்டது என்பது எங்களுக்குத் தாங்கவில்லை.

கழனிவாசல் 77
சனி, மாலை 6.45

எல்லாரும் அதிகாரத்தைப் பிரிக்கச் சொல்கிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். பிரித்து வைத்ததால்தானே சண்டை? ராணுவமும் உளவும் கட்சியும் ஒரே ஆளின் கைக்குள் இறுக்கமாக இருந்தால் இந்த இழுபறியே வராது. நாடும் நிலையாக இருக்கும். வேலை செய்ய நினைக்கிற ஒரு நல்ல தலைவருக்கு நூறு கடிவாளம் போட்டால் அவர் என்ன செய்ய முடியும்? நம் ஊரில் ஒரு சாலை போட எத்தனை வருஷம் ஆகிறது? மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

தேவகோட்டை டீச்சர்
சனி, இரவு 8.10

கழனிவாசல் அண்ணே, இதை நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் வெளிப்படையாகச் சொன்னது நல்லது.

ஆனால் ஒரே ஆளின் கை என்பது உண்மையில் எங்கேயும் இருந்ததில்லை. அவர் தூங்க வேண்டும், அவர் சாப்பாட்டை ஒருவர் சமைக்க வேண்டும், அவர் அறைவாசலில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். ஸ்டாலினை விட இறுக்கமான கை எது? 1953 மார்ச்சில் அவர் இறந்ததும் ரகசியப் போலீஸும் உள்நாட்டுப் படையும் பெரியா என்ற தலைவரின் கைக்கு வந்தன. மற்ற தலைவர்கள் எல்லாருடைய கோப்பும் அவரிடம். அந்தப் பயத்திலேயே அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். ஜூன் 26-ல் கிரெம்ளின் கூட்டத்துக்குள் மார்ஷல் ஷூக்கோவும் அதிகாரிகளும் நுழைந்து பெரியாவைப் பிடித்தார்கள். அவரை வைத்திருக்க ரகசியப் போலீஸின் சிறையை நம்ப முடியாது என்று ராணுவத்தின் நிலவறையில் வைத்தார்கள். டிசம்பரில் சுட்டார்கள். ஸ்டாலினுக்குப் பிறகு தலைமைக்கு வந்த குருஷ்சேவைக் காப்பாற்றிய அந்த ஷூக்கோவ் என்ன ஆனார்? 1957-ல் யூகோஸ்லாவியாவுக்கும் அல்பேனியாவுக்கும் பயணம் போயிருந்தபோது, அவர் இல்லாத நேரம் பார்த்து குருஷ்சேவே அவரை நீக்கினார். 1964-ல் குருஷ்சேவை இறக்கியபோது உளவுத்துறையான கே.ஜி.பி.யின் தலைவர் எதிர்ப்பக்கம் நின்றார்.

பருப்புக்கார அண்ணன் சொன்ன சுன் டூ ஹ்வான் கதையையும் பாருங்கள். 1979 அக்டோபர் 26, சியோலில் ராத்திரி விருந்து. 18 வருஷம் ஆண்ட பார்க் சுங் ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவர் கிம் ஜே கியூ மேசையிலேயே சுட்டார். கூடவே மெய்க்காவல் தலைவர் சா ஜி சுலையும் சுட்டார். உளவுக்கும் மெய்க்காவலுக்கும் நெடுநாள் பகை, அதிபரின் காது யாருக்கு என்று. கொலையை விசாரிக்கும் பொறுப்பு ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவரிடம் வந்தது. அவர்தான் சுன். விசாரணையைக் கையில் வைத்துக்கொண்டே டிசம்பர் 12-ல் தன் தலைமைத் தளபதியையே கைது செய்து, அடுத்த வருஷம் அதிபர் ஆனார். அதே மனிதர் 1983-ல் ரங்கூனில் தப்பினார்.

பார்க்கின் கை தளர்ந்த கையா? எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தவர் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேசையில்தான் இது நடந்தது. சாலை விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அதற்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கத்த முடிகிறது. போன மாதம் நின்றேன்.

கோட்டையூர் பருப்புக்காரர்
சனி, இரவு 9.50

விட்ட இடத்திலிருந்து.

கின் நியூண்ட் கெட்டிக்காரர். 1988-ல் மக்கள் எழுச்சியை நசுக்கிய பிறகு, 1989 முதல் எல்லையில் இருந்த ஆயுதக் குழுக்களோடு ஒவ்வொன்றாகப் போர்நிறுத்தம் பேசினார். கோகாங், வா என்று பெரிய குழுக்கள். அந்தத் தலைவர்கள் பெயர், அவர்கள் பிள்ளைகள் பெயர், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அவர் ஆட்களுக்குத்தான் தெரியும். எந்த ஒப்பந்தமும் மனிதர்கள் மேல்தான் நின்றது. காகிதத்தில் இருந்தது குறைவு. ராணுவத் தளபதி மவுங் ஏவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மேலே ஆட்சித் தலைவர் ஜெனரல் தான் ஷ்வே இரண்டு பேரையும் மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2003 ஆகஸ்டில் கின் நியூண்ட் பிரதமர். பெரிய பதவி என்று வெளியே நினைத்தார்கள். எங்கள் தரகர் மட்டும் தோளைத் தொட்டு, தலையை ஆட்டினார். 2004 அக்டோபரில் கைது. உளவுத்துறையையே கலைத்தார்கள். நூற்றுக்கணக்கான உளவு அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். ஊழல் என்று வழக்கு, 44 வருஷம் தண்டனை, அதை வீட்டுக்காவலாக மாற்றினார்கள். 2012 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

நான் 2005-ல் போனபோது எங்கள் தரகர் கண்ணில் ஒளியே இல்லை. உளவுத்துறை கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு அத்தனையும் செல்லாது என்றாகிவிட்டது. அவருடைய இரண்டு லாரி எல்லைப் பக்கம் ஒரு கேட்டில் நின்றுபோய், மூட்டையெல்லாம் மழையில் முளைவிட்டிருக்கிறது. கைப்பிடி உளுந்தை என்னிடம் காட்டினார். வெள்ளை முளை விரல்நீளம். "நான் எந்தப் பக்கமும் இல்லை, சீட்டு வாங்கினேன், அவ்வளவுதான்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அந்தக் குழுக்களோடு பேசிப் பழகிய ஆட்கள் போன பிறகு எல்லை என்ன ஆனது? 2009 ஆகஸ்டில் கோகாங்கில் மறுபடி சண்டை, பல ஆயிரம் பேர் சீனாவுக்குள் ஓடினார்கள். அங்கிருந்து துரத்தப்பட்ட அதே கோகாங் படை, 2023 அக்டோபர் 27-ல் வேறு இரண்டு குழுக்களோடு சேர்ந்து திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் லவுக்காய் நகரமே ராணுவத்தின் கையை விட்டுப் போனது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எல்லையை அறிந்த ஒரு தலைமுறையையே தங்கள் பங்காளிச் சண்டையில் சிறைக்கு அனுப்பியதை நான் ஒரு காரணமாகச் சொல்வேன்.

புதுவயல் மாணவன்
சனி, இரவு 10.30

நன்றி அண்ணே. இப்போது 2021 எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 2008 அரசியல் சட்டத்தில் நாடாளுமன்றத்தில் 25 சதவீத இடம் ராணுவத்துக்கு. உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் மூன்றுக்கும் மந்திரியைத் தலைமைத் தளபதியே தருவார். முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும், அதாவது ராணுவம் சம்மதிக்காமல் ஒன்றும் மாறாது. இத்தனை பூட்டும் அவர்கள் கையில் இருந்தும் ஏன் 2021 பிப்ரவரி 1-ல் கவிழ்த்தார்கள் என்று குழம்பியிருந்தேன். தலைமைத் தளபதியாக இருந்த மின் ஆங் லைங்குக்கு அந்த ஜூலையில் 65 வயது, ஓய்வு பெற வேண்டும். 2020 தேர்தலில் ராணுவத்தின் கட்சி படுதோல்வி. பதவி போனால் தனக்கும் கின் நியூண்ட் கதிதானோ என்ற பயம் அந்த முடிவில் ஒரு பங்காவது இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

நே வின்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் அவர் மருமகனையும் பேரன்மார் மூவரையும் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி என்று பிடித்து, அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அந்த டிசம்பரில் இறந்தார். அவர் உண்டாக்கிய ராணுவம் அவருக்கு அரசு மரியாதை தரவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி
ஞாயிறு, காலை 8.05

பேத்தி படிச்சுக் காட்டுனா. நான் சொல்றேன், அவ எழுதுறா. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

எனக்கு அப்ப 12 வயசு. எங்க அப்பா ரங்கூன்ல ஒரு செட்டியார் ஜவுளிக்கடையில கணக்கப்பிள்ளை. கடைக்கு மேலயே எங்களுக்கு ரெண்டு ரூம். அன்னைக்கு வியாழக்கெழம. காலையில பட்டாளத்துக்காரவுக நாலு பேரு வந்தாக. ஒரு ஆபீசர், சின்ன வயசு, எங்க அண்ணன் வயசுதான் இருக்கும். ரெண்டு சிப்பாய். இன்னொருத்தர் சாதா சட்டை, லுங்கி. ஆபீசர் துணிக்கட்டு ஒண்ணொண்ணா எண்ணச் சொன்னாரு, சிப்பாய் எண்ணி எழுதினாக. எங்க அப்பா அளவுகோலால தொட்டுத் தொட்டுக் காட்டுனாக. ஒரு கட்டு கூடக் கொறையக் கூடாதுன்னு அவுகளே மறுபடி எண்ணிச் சொன்னாக. போகப் போற கடைதான், ஆனாலும் கணக்கு தப்பக் கூடாதுன்னு.

அந்த லுங்கிக்காரரு மட்டும் துணியப் பாக்கல. வாசப்படிக்கிட்ட நின்னுக்கிட்டு அந்த ஆபீசரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சின்ன நோட்டுல என்னமோ எழுதுவாரு. ஆபீசர் எங்க ஆத்தா குடுத்த தண்ணிய வாங்கும்போது மொதல்ல அந்தாளப் பாத்தாரு. அப்புறந்தான் குடிச்சாரு. தம்ளர் டக்குனு தட்டுச்சு, கை நடுங்கிருச்சு. ராத்திரி அப்பா ஆத்தாகிட்ட சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. "அந்தப் பய நம்மள விட பயந்து கெடக்கான்" அப்படின்னாக.

அப்பா ரசீது கேட்டாக. எழுதி முத்திரை வச்சுக் குடுத்தாரு.

அப்புறம் மே மாசம் 17, ஞாயித்துக்கெழம. அம்பது, நூறு கியாட்டு நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாக. எங்க ஆத்தா தலகாணி ஒறைக்குள்ள நூறு நோட்டா தச்சு வச்சிருந்தாக, என் கல்யாணத்துக்குன்னு. தையலப் பிரிச்சு அத மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தாக. கப்பல் ஏறும்போது அந்தத் தலகாணியும் கூட வந்துச்சு. ஒரு நோட்டு இப்பவும் சாமி பெட்டியில இருக்கு.

அரிசி, மரவைப் பாத்திரம் இதெல்லாம் இன்னும் பர்மாவ நெனப்புக் காட்டும். கவுனி அரிசி வேகுற வாசனை வந்தா போதும். அந்த ஊரு மேல எனக்குக் கோவம் இல்ல. அங்க பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாதான் எங்கள கப்பலுக்கு வந்து வழியனுப்பிச்சு, அழுதுச்சு.

சுபேதார் (ஓய்வு), சிவகங்கைச் சீமை
ஞாயிறு, காலை 8.40

ஆச்சி, கும்பிடுகிறேன். அந்த இளம் அதிகாரியின் நிலை எனக்குப் புரிகிறது. முதுகுக்குப் பின்னால் நோட்டோடு ஒருவன் நிற்கிற படையில் நான் ஒரு நாள் கூட வேலை செய்திருக்க மாட்டேன்.

கானாடுகாத்தான் பேரன்
ஞாயிறு, காலை 10.15

ஆச்சி, நீங்கள் எழுதியதை எங்கள் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள்.

நேற்று நான் சொன்ன சாவி, பேரேடு ஒப்புமையை ராத்திரி முழுக்க யோசித்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். நம் கடையில் அடுத்தாள் எழுதியது ஊருக்கு வந்தது. மேலாள் அதை மறுத்துப் பேச முடிந்தது. மத்தியஸ்தம் சொல்லப் பெரியவர்கள் இருந்தார்கள், அதுவும் ஆகவில்லை என்றால் கோர்ட் இருந்தது. சம்பளச் சீட்டில் எழுதியபடி மூன்று வருஷம் முடிந்தால் மேலாள் உயிரோடு, மரியாதையோடு வீட்டுக்கு வந்தார். ஒப்படைக்கப் பயப்பட வேண்டியதில்லை என்பதால்தான் ஒப்படைத்தார். டின் ஊவுக்கும் கின் நியூண்டுக்கும் ஊர் திரும்புகிற மூன்றாம் வருஷம் என்று ஒன்று இல்லை. பெட்டியை விட்டால் சிறை என்று தெரிந்தவன் சாவியை எப்படிக் கொடுப்பான்? புதுவயல் தம்பி 65 வயதைப் பற்றி எழுதியது அதைத்தான் சொல்கிறது.

வாசலில் நின்று நோட்டில் எழுதியவரும் அந்தக் காலத்து அடுத்தாள் மாதிரிதான். ஆனால் அவர் எழுதியதை அந்த ஆபீசர் ஒருநாளும் படித்திருக்க முடியாது, பதில் சொல்லியிருக்கவும் முடியாது. தண்ணீர் குடித்ததைக் கூட எழுதியிருப்பாரோ என்னவோ.

டீச்சர் சொன்ன 25 சதவீதத்தையும் மறக்கவில்லை. பேரேட்டின் முன்பக்கங்களில் பாட்டையா காலத்துப் பழைய பற்று கொஞ்சம் தொடர்கிறது. பர்மியப் பெயர்கள், நேரே ஏக்கர் கணக்கு. அதையும் படி எடுத்து இங்கே போடுகிறேன்.

இன்னொரு விஷயம். அந்தத் துண்டுச் சீட்டு. பர்மிய எழுத்து படிக்கத் தெரிந்தவர் யாராவது காரைக்குடிப் பக்கம் இருக்கிறீர்களா? போனில் படம் எடுத்துப் பார்த்தேன், மை மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி
ஞாயிறு, காலை 11.30

தம்பி, நான் அங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் பர்மா பாஷையில படிச்சவ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனா படிச்சிருவேன். நம்பரு, தேதியெல்லாம் நல்லாத் தெரியும். எங்க அப்பா வாங்குன ரசீதும் அதே மாதிரிதான் இருந்துச்சு, கப்பல்ல வரும்போது எங்கயோ போயிருச்சு.

கானாடுகாத்தான்ல இருந்து பஸ்ஸுல கொஞ்ச நேரந்தான். நாலு மணிக்கு மேல வாங்க, அப்பத்தான் முகப்புல வெளிச்சம் நல்லா விழும். சீட்ட மடிக்காம ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு எடுத்தாங்க. பூதக்கண்ணாடி என்கிட்ட இருக்கு. உங்க ஆத்தாவையும் கூட்டிட்டு வாங்க.